கறிவேப்பிலை அழகியின் சிறகும் அது பறக்கும் மண்ணும்

புதுக்கோட்டைப் பக்கம் கறிவேப்பிலைக் கன்று இல்லாத கொல்லை குறைவு. கன்றின் கொழுந்திலையில் பறவை எச்சம் விழுந்த மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைப் பலரும் கிள்ளி எறிந்திருப்பார்கள். விட்டுவைத்தால் அது பச்சை நிறத்துக்கு மாறி, பருத்து, கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் வண்ணத்துப்பூச்சியாக வெளிவரும். வருவது எலுமிச்சை அழகியாக இருக்கலாம், கறிவேப்பிலை அழகியாகவும் இருக்கலாம். இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது. ஆங்கிலத்தில் அதைக் காமன் மார்மன் என்கிறார்கள். அறிவியல் பெயர் பப்பிலியோ பாலிடெஸ்.

இந்த இனத்தின் ஆண்கள் எங்கு பார்த்தாலும் ஏறக்குறைய ஒரே தோற்றம்தான்: கறுத்த சிறகு, பின்சிறகின் குறுக்கே வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். பெண்கள் அப்படியில்லை. ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே மூன்று விதமான பெண்கள் வரக்கூடும். முதல் வகை ஆணைப் போலவே இருக்கும், ஓரத்தில் செம்பிறைகள் மட்டும் தெளிவாகத் தெரியும். இதை சைரஸ் வடிவம் என்பார்கள். இரண்டாவது ஸ்டிச்சியஸ், இதன் பின்சிறகின் நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளும் உண்டு. மூன்றாவது ரோமுலஸ், இதன் முன்சிறகில் வெளிர் பட்டைகளும் பின்சிறகில் சிவப்புப் புள்ளிகளும் இருக்கும். பார்த்துப் பழகாதவர் இவற்றை மூன்று தனி இனங்கள் என்றே சாதிப்பார். ஐரோப்பிய அறிஞர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தார்கள். லின்னேயஸ் 1758-ல் பாலிடெஸ் என்று ஒரு பெயரும், இதே இனத்தின் ஆணுக்குப் பம்மன் என்று வேறொரு பெயரும் இட்டார். கிராமர் 1775-ல் ரோமுலஸுக்குத் தனிப்பெயர் கொடுத்தார். மலாய்த் தீவுகளில் எட்டாண்டுகள் அலைந்து திரும்பிய ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ்தான், 1864-ல் லின்னேயச் சங்கத்தில் படித்து அடுத்த ஆண்டு அச்சேறிய கட்டுரையில், இவை ஒரே இனத்துப் பெண்களின் வெவ்வேறு வடிவங்கள் என்று தெளிவுபடுத்தினார்.

இரண்டாவது, மூன்றாவது வடிவங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது இன்று பள்ளிப் பாடநூல் அளவுக்குத் தெரிந்த செய்தி. ஸ்டிச்சியஸ் ரோஜா அழகியைப் போலிருக்கிறது. ரோமுலஸ் சிவப்புடல் அழகியைப் போலிருக்கிறது. இவ்விரு அழகிகளும் பாக்லியோப்டா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் புழுக்கள் ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற அரிஸ்டலோக்கியா செடிகளை மட்டுமே தின்று, அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்கின்றன. அந்த அரிஸ்டலோக்கிக் அமிலம் லேசுப்பட்டதல்ல. மனிதரின் சிறுநீரகத்தை அழிக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருபவற்றின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை அந்தச் சிவப்பை மறப்பதில்லை. கறிவேப்பிலை தின்று வளர்ந்த அழகிக்கு அந்த நஞ்சு கிடையாது. நஞ்சுள்ளவளின் நிறத்தை மட்டும் உடுத்தித் தப்பிக்கிறது. பிரித்தறிய ஒரு நிச்சயமான வழி உண்டு: நஞ்சுள்ள இரண்டுக்கும் உடல் சிவப்பு, போலிக்கு உடல் கறுப்பு. போலிப் பெண், தான் வேடம் எடுத்த நஞ்சுள்ள பூச்சியின், அதாவது மாதிரியின், நிதானமான பறத்தலையும் ஓரளவு பின்பற்றுகிறது. விரட்டினால் மட்டும் தன் இனத்துக்கே உரிய வேகத்தில் பாய்ந்துவிடும்.

இதுவரை சொன்னது பலரும் எழுதியது. நான் சொல்ல வருவது இந்த மூன்று வடிவங்களும் நிலப்பரப்பில் எப்படிப் பிரிந்து கிடக்கின்றன என்பதை.

சிம்லாவைச் சுற்றிய இமயச் சரிவுகளில் சிவப்புடல் அழகி இல்லை. ரோஜா அழகியும் குறைவு. அங்கே கறிவேப்பிலை அழகியின் பெண்களில் ஆணைப் போன்ற சைரஸ் வடிவம் சாதாரணமாகத் தென்படுகிறது. தென்னிந்தியச் சமவெளிக்கு இறங்கினால் நிலைமை மாறுகிறது. ரோஜா அழகி பறக்கும் இடங்களிலெல்லாம் ஸ்டிச்சியஸே மிகுதி. சிவப்புடல் அழகி தீபகற்ப இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரியது. அதன் வேடம் போட்ட ரோமுலஸும் அந்த எல்லைக்குள்தான் இயல்பாகப் பறக்கிறது. இங்கே அரிதாகிப் போவது சைரஸ். கிழக்கே சுமத்ரா, போர்னியோ என்று போனால் ரோமுலஸ் மறைந்து தீசியஸ் என்று வேறொரு பெண் வடிவம் வருகிறது. அதன் பின்சிறகில் வெள்ளைத் திட்டு இல்லை, ஏனென்றால் அந்தப் பகுதியில் பறக்கும் பாக்லியோப்டாவும் கறுத்தது. ஜப்பானின் தெற்குத் தீவுகளில் ரோமுலஸ் கிடையாது. ஆணைப் போன்ற பெண்ணும் வெள்ளைத் திட்டுப் பெண்ணும் மட்டும் உண்டு. இப்படி ஊருக்கு ஊர் மாறும் சிறகு, அந்தந்த ஊரில் யார் உடன் பறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மாறுகிறது. ஆகவே கறிவேப்பிலை அழகியைப் படிக்க விரும்புகிறவர் கறிவேப்பிலையோடு நிறுத்திக்கொள்ள முடியாது. அந்த ஊரின் ஆடுதின்னாப்பாளையையும் படிக்க வேண்டும்.

இந்த இனத்தின் மரபியலைப் பற்றிய முதல் பெரிய ஆய்வு புதுக்கோட்டைக் கடற்கரைக்கு எதிர்க்கரையில் நடந்தது. கேம்பிரிட்ஜ் மரபியலர் ரெஜினால்ட் பன்னெட் 1909-ல் இலங்கைக்கு வந்து, மூன்று பெண் வடிவங்களும் மாதிரிகள் இரண்டும் எங்கெங்கே எவ்வளவு பறக்கின்றன என்று பார்த்தார். மாதிரிகளின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுகிறது, போலிகளின் விகிதமோ அதற்குத் தக்கபடி மாறவில்லை என்று அவருக்குப் பட்டது. டார்வின் வழியினர் சொன்னபடி சிறிது சிறிதாகச் செதுக்கப்பட்ட வேடம் இது என்பதை அவர் ஏற்கவில்லை. ஒரே பாய்ச்சலில், ஒரு மரபு மாற்றத்தால் முழு வடிவமும் வந்திருக்க வேண்டும் என்றார். 1915-ல் வந்த அவருடைய போலித்தோற்றம் பற்றிய நூலில் கறிவேப்பிலை அழகிதான் முக்கியச் சாட்சி.

பன்னெட்டின் கேள்வியைச் செய்முறையில் சோதித்தவர் ஜான் ஃபிரையர். அவர் இலங்கையில் இந்தப் பூச்சிகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வம்சாவளி எழுதினார். வண்ணத்துப்பூச்சிகளைக் கூண்டில் இணைசேர வைத்து, முட்டை எடுத்து, புழுவுக்குத் தினமும் தழை போட்டு, நோய்க்கும் ஒட்டுண்ணிக்கும் தப்பியவற்றைக் கணக்கிடுவது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்பது ஒரு முறை புழு வளர்த்துப் பார்த்தவருக்குத் தெரியும். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆண்கள் எல்லாம் ஒரே தோற்றம் என்பதால், ஓர் ஆண் எந்தப் பெண் வடிவத்துக்கான மரபைச் சுமக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. மகள்களைப் பார்த்துத்தான் தந்தையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1913-14-ல் வெளியான ஃபிரையரின் முடிவு: ஆணைப் போன்ற சைரஸ் ஒடுங்கு பண்பு, அதன்மேல் ஓங்கு பண்பாக வரும் ஒரு காரணி ஸ்டிச்சியஸைத் தருகிறது, இன்னொரு காரணி சேர்ந்தால் ரோமுலஸ் வருகிறது. ஆண் உடலில் இந்தக் காரணிகள் இருந்தும் வெளிப்படுவதில்லை. ஒன்றிரண்டு காரணிகள் முழுச் சிறகையும் மாற்றிவிடுகின்றன என்பது பன்னெட்டுக்குச் சாதகமாகவே இருந்தது.

மறுப்பு 1927-ல் வந்தது. எழுதியவர் ரொனால்ட் ஃபிஷர். புள்ளியியலின் அடித்தளத்தைப் பெருமளவு அமைத்தவர். அவர் இலங்கைக்கு வரவில்லை; ஃபிரையரின் எண்களை எடுத்துவைத்துக்கொண்டு யோசித்தார். ஒரே கூட்டத்தில் மூன்று வடிவங்கள் நிலையாக நீடிக்கின்றன என்றால் ஏதோ ஒரு விசை அவற்றைச் சமநிலையில் பிடித்து வைத்திருக்கிறது. வேடம் போட்டவர்கள் பெருகிவிட்டால் பறவைகளின் வாயில் நஞ்சைவிட நல்ல இரையே அடிக்கடி அகப்படும். வேடத்தின் மதிப்பு குறையும். அப்போது வேடமில்லாதவளுக்கு நட்டம் குறைவு. வேடதாரிகள் அருகினால் மதிப்பு மீண்டும் ஏறும். மேலும், ஒரு காரணி வடிவத்தை மாற்றுகிறது என்பதால் அந்த வடிவம் அன்றே முழுமையாக வந்துவிட்டது என்றாகாது; பின்னால் வேறு சிறு காரணிகள் சேர்ந்து சேர்ந்து அதை மாதிரிக்கு நெருக்கமாகக் கொண்டு வந்திருக்கலாம் என்றார் ஃபிஷர். இருவர் சொன்னதிலும் பாதி சரி என்பது எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி. அதைக் காட்ட நூறாண்டு பிடித்தது.

இடையில் லிவர்பூலில் சிரில் கிளார்க் என்ற மருத்துவரும் பிலிப் ஷெப்பர்ட் என்ற மரபியலரும் இதே பூச்சியைக் கையில் எடுத்தார்கள். 1972-ல் அவர்கள் வெளியிட்ட வளர்ப்பு ஆய்வு, வடிவங்கள் எல்லாம் ஒரே மரபணு இடத்தின் மாற்று வடிவங்கள் என்று ஃபிரையரின் கணக்கைத் திருத்தியது. அதற்கு முன்பே, அழகிகளின் போலித்தோற்றத்தை ஆராய்ந்தபோதுதான் அவர்களுக்கு மனித ரத்தத்தின் ஆர்எச் வகையோடு ஓர் ஒற்றுமை தெரிந்தது. அந்த யோசனை வளர்ந்து, 1960-களில் லிவர்பூல் குழு ஆர்எச் முரண்பாட்டால் சிசுக்கள் இறப்பதைத் தடுக்கும் ஊசியை உருவாக்குவதில் போய் நின்றது. இன்று ஆர்எச் நெகட்டிவ் தாய்மார்களுக்கு நம் அரசு மருத்துவமனைகளிலும் போடப்படும் ஆன்டி-டி ஊசிக்குப் பின்னால் அழகிகளின் சிறகு ஆராய்ச்சி இருக்கிறது. பூச்சி ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

மரபணு எது என்பது 2014-ல் தெரிந்தது. பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோவின் மார்கஸ் குரோன்ஃபோர்ஸ்டும் சேர்ந்த குழு, டபுள்செக்ஸ் என்ற மரபணுவே இந்த மாற்றத்தின் சாவி என்று நேச்சர் இதழில் காட்டியது. பூச்சி ஆணாக வளரவா பெண்ணாக வளரவா என்பதைத் தீர்மானிப்பதில் பங்குள்ள மரபணு அது. பெண்ணுக்கு மட்டும் வேடம் ஏன் என்ற பழைய கேள்விக்கு அதிலேயே விடையும் கிடைத்தது. அடுத்த ஆண்டு டோக்கியோவின் ஹருஹிகோ ஃபூஜிவாராவின் குழு, வேடம் தரும் வடிவத்தில் குரோமோசோமின் ஒரு துண்டு, சுமார் 1,30,000 எழுத்து நீளம், தலைகீழாகத் திரும்பியிருப்பதைக் கண்டது. திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அதனால் வேடத்தின் பாகங்கள் பிரிந்து சிதறாமல் ஒரே கட்டாக மகளுக்குப் போகின்றன. அவர்கள் செய்த சோதனை ஒன்று மனதில் நிற்கும்: ஒரு பக்கப் பின்சிறகில் மட்டும் டபுள்செக்ஸை அடக்கினார்கள், அந்தச் சிறகு ஆணின் கோலத்துக்குத் திரும்பியது, மறுபக்கம் வேடத்தோடே இருந்தது. பன்னெட் சொன்ன ஒற்றைச் சாவி இருப்பது உறுதியானது.

ஃபிஷர் சொன்ன மெருகேற்றத்துக்குச் சான்று தந்தவை ஜப்பானின் ரியூக்யூத் தீவுகள். அங்குள்ள மியாக்கோத் தீவில் 1970-களில் ரோஜா அழகி வந்து குடியேறியது. அதற்கு முன்பிருந்தே கறிவேப்பிலை அழகி அங்கே இருந்தது. மாதிரி வந்து சில ஆண்டுகளில் வேடமிட்ட பெண்களின் பங்கு பெருகியதை உவேசுகி என்ற ஆய்வாளர் பழைய சேகரிப்புகளைக் கொண்டு காட்டினார். பின்பு 2017-ல் கட்டோ, தட்சுதா, சுஜி என்ற மூவர், புதிதாக மாதிரி வந்து சேர்ந்த பின் வேடமிட்ட பெண்ணின் சிறகுக் குறிகளே மாதிரியை நோக்கிச் சில பத்தாண்டுகளுக்குள் நகர்ந்திருப்பதை வெளியிட்டார்கள். எந்த ஆய்வுக்கூடத்திலும் நடத்த முடியாத சோதனையைத் தீவுகள் நடத்திக் காட்டிவிட்டன. அதை நாம் படிக்க முடிகிறதென்றால், யாரோ சிலர் பல்லாண்டுகள் முன்பே பெண்களின் வடிவத்தை ஊர்ப் பெயரோடும் தேதியோடும் குறித்து வைத்ததால்தான்.

புதுக்கோட்டையில் இந்தக் கதையின் செடிகள் அனைத்தும் இருக்கின்றன. எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்த குருந்து இந்த மாவட்டத்தின் பழைய காடுகளில் பரவலான சிறுமரம். ஆவுடையார்கோயிலின் தலமரமும் அதுதான், மாணிக்கவாசகர் குருவைக் கண்டது குருந்தின் நிழலில் என்பது ஐதீகம். கறிவேப்பிலைச் செடி கொல்லைக்கு வரும் முன் கறிவேப்பிலை அழகியின் புழு குருந்து, வில்வம், மிளகரணை என்று இந்தக் குடும்பத்துக் காட்டுச் செடிகளில்தான் வளர்ந்திருக்கும். வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் குருந்தும் கலந்து நிற்கும் இந்தக் காட்டுக்கு வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று பெயர். சோழமண்டலக் கரையில் துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் இந்த வகை, புதுக்கோட்டையில் உள்நாட்டிலும் நிற்கிறது. பெரும்பாலும் அய்யனார் கோயில் காடாக. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் மணியும் பார்த்தசாரதியும் அரையப்பட்டி, மரமடக்கி, சண்முகநாதபுரம் உள்ளிட்ட ஐந்து காடுகளின் மரங்களைக் கணக்கெடுத்து 2005-ல் வெளியிட்டார்கள். சாமி காட்டில் கிளை ஒடிக்கக் கூடாது என்ற பயம் காப்பாற்றிய மரங்கள் அவை.

ஆடுதின்னாப்பாளை காட்டுக்குள் தேட வேண்டிய செடியல்ல. தரிசிலும் வரப்பிலும் தரையோடு படரும், ஆடும் வாய் வைக்காது. ஈஸ்வரமூலி வேலியில் ஏறும் கொடி. இந்த இரண்டும் போய்விட்டால் ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் போக்கிடமில்லை. அவற்றின் புழு வேறு தழையைத் தொடாது. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய கவலை இங்கேதான் இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளில் வேலிக்கருவையும் முள்கம்பியும் பழைய உயிர்வேலியின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறார்கள். செம்மண் தரிசு பெருமளவு தைலமரத் தோட்டமாகிவிட்டது. அந்தத் தோட்டத்துக்குள் கீழே பெரிதாக எதுவும் தழைப்பதில்லை. ஈஸ்வரமூலியை மருந்தென்று வேரோடு பிடுங்குகிறவர்களும் உண்டு. மறுபக்கம் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வீட்டுக்கு வீடு பெருகியிருக்கின்றன. ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்த பின்பும் கொல்லைக் கறிவேப்பிலை திரும்பத் துளிர்த்தது. அதாவது போலியின் உணவை நாம் நட்டு வளர்க்கிறோம், மாதிரியின் உணவை அழிக்கிறோம்.

ஃபிஷரின் கணக்கு சரியென்றால் இதற்கு விளைவு இருக்க வேண்டும். சிவப்பைக் கண்டு அஞ்சக் கற்றுக்கொடுக்கும் நஞ்சுள்ள பூச்சிகள் குறைந்த ஊரில், பஞ்சுருட்டானும் கரிச்சானும் கறுப்புடல் போலியைத் துணிந்து பிடிக்கும். வேடத்தின் மதிப்பு இறங்கும். தலைமுறைகள் சில கடந்தால் அந்த ஊரின் பெண்களில் ஆணைப் போன்ற சைரஸின் பங்கு கூட வேண்டும். சிம்லாவில் இயற்கையாக அமைந்த நிலை, நம் நகரத்துக் கொல்லைகளில் நம் கையால் உருவாகிக் கொண்டிருக்கலாம். பன்னெட் சொன்னபடி வடிவங்களின் விகிதம் மாதிரியின் எண்ணிக்கையைச் சாராது என்றால் அப்படி எதுவும் நேராது. இரண்டில் எது என்பதைச் சோதிக்க இமயத்துக்கோ ரியூக்யூவுக்கோ போக வேண்டியதில்லை. ஒரு கோயில் காட்டின் விளிம்பிலும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி நகரின் தெருக்களிலும் எண்ணினால் போதும்.

இப்படி எண்ணும்போது ஏமாறாமலிருக்க இன்னொரு செய்தியை மனதில் வைக்க வேண்டும். இடத்தால் வரும் வேறுபாடு வேறு, பருவத்தால் வரும் வேறுபாடு வேறு. கண்மாய்க்கரையில் நீர்முள்ளியையும் பொடுதலையையும் தின்று வளரும் பீகாக் பான்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் பிறந்ததன் சிறகின் அடிப்புறத்தில் கண்போன்ற வட்டங்கள் தெளிவாக இருக்கும். வறட்சியில் பிறந்தது காய்ந்த இலையாகவே மாறிவிடும், சிறகின் விளிம்பும் கூர்மையாகும். லின்னேயஸ் இவ்விரண்டுக்கும் ஆஸ்டெரி, அல்மானா என்று தனித்தனிப் பெயர் கொடுத்தார். அந்தியில் வீட்டு விளக்கைத் தேடி வரும் ஈவ்னிங் பிரவுனுக்கும் இதே கதை நேர்ந்தது. கல்கத்தாவில் லயனல் டி நிஸ்வில் இந்தக் குடும்பத்துப் பூச்சிகளை முட்டையிலிருந்து வளர்த்து, இவற்றின் பருவ வடிவங்களைப் பற்றி 1886-ல் எழுதினார். ஒரே தாயின் பிள்ளைகள் மழைக்கு ஒரு கோலம், வெயிலுக்கு ஒரு கோலம் கொள்ளும் என்பது அத்தகைய வளர்ப்புகளால்தான் உறுதிப்பட்டது.

நம் ஊரில் இது கூடுதல் கவனம் கேட்கிறது. மேற்குக் கரையில் மழை ஜூனில் தொடங்குகிறது. புதுக்கோட்டையில் ஆண்டு மழையின் மிகப்பெரிய பங்கு அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையே வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஆகஸ்டு மாதத்துக் கேரளப் பூச்சியையும் ஆகஸ்டு மாதத்துப் புதுக்கோட்டைப் பூச்சியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒன்று மழை வடிவமாகவும் மற்றது வறட்சி வடிவமாகவும் இருக்கலாம். அதைப் பார்த்து ஊர் வேறுபாடு என்று முடிவு கட்டுவது பிழை. ஆப்பிரிக்கப் புதர்ப் பழுப்பன்களில் புழுப் பருவத்து வெப்பநிலையே எந்த வடிவம் என்பதைத் தீர்மானிக்கிறது: வெப்பம் மழைக்கு முன்னறிவிப்பு, குளிர்ச்சி வறட்சிக்கு. புதுக்கோட்டையில் வரிசை தலைகீழ். கடும் வெயிலே வறண்ட காலம், மழையோடு குளிர்ச்சி வருகிறது. அதே பூச்சிக் குடும்பத்தின் நம் ஊர் உறுப்பினர்கள் எந்தக் குறிப்பைக் கொண்டு மழையை முன்னறிகின்றன என்பது இந்த மண்ணில்தான் கேட்கத் தகுந்த கேள்வி. கறிவேப்பிலை அழகியின் மூன்று பெண்களுக்கு இந்தப் பருவக் குழப்பம் இல்லை, அவை பிறப்பிலேயே மரபால் தீர்மானமானவை. எண்ணிக்கைக்கு அதை முதலில் எடுத்துக்கொள்ளச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

குளிர் நாடுகளில் இத்தகைய எண்ணிக்கை என்ன தந்திருக்கிறது என்பதற்கு பிரிட்டனின் லார்ஜ் ஹீத் நல்ல எடுத்துக்காட்டு. ஈரச் சதுப்புகளில் வாழும் இந்தப் பழுப்பு வண்ணத்துப்பூச்சிக்கு இங்கிலாந்தின் வடமேற்குச் சதுப்புகளில் சிறகடியில் பெரிய கண் வட்டங்கள் இருக்கின்றன. வடக்கே போகப் போக அவை சிறுத்து, ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஏறக்குறைய மறைந்துவிடுகின்றன. வெயில் மிகுந்த தெற்கில் பூச்சி நெடுநேரம் பறந்து பறவை கண்ணில் படுகிறது. கண் வட்டம் கொத்தைச் சிறகு விளிம்புக்குத் திருப்பி உடலைக் காக்கிறது. குளிரும் மேகமும் மிகுந்த வடக்கில் பெரும்பொழுது புல்லில் அசையாமல் கிடப்பதால் வட்டமில்லாமல் மறைந்திருப்பதே நல்லது. இவ்வாறு விளக்குகிறார்கள். அமெரிக்காவில் வார்டு வாட் 1968-ல் கோலியாஸ் பூச்சிகளைப் பற்றிக் காட்டியது வேறு வகை: உயரமும் குளிரும் கூடக் கூடச் சிறகின் அடிப்புறத்தில் கருமை கூடுகிறது, கருமை வெயிலை உறிஞ்சிப் பறக்கத் தேவையான சூட்டைத் தருகிறது. வடக்கத்திய சிறகுகளில் வெப்பநிலையின் கை ஓங்கியிருக்கிறது. நம் சமவெளியில் வெப்பத்துக்குப் பஞ்சமில்லை. இங்கே சிறகைத் திருத்துவது பெரும்பாலும் அண்டை உயிர்கள்.

பாக் நீரிணையையும் மறக்கக் கூடாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உலகக் கடல்மட்டம் இன்றைக்கு ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த அந்த நீரிணை அப்போது நிலம். கோட்டைப்பட்டினத்துக்குக் கிழக்கே கரையே இல்லை. இன்று ரோஜா அழகியும் வெண்புள்ளிக் கருப்பனும் நீல அழகியும் இலங்கையில் தனித் துணையினங்களாகப் பிரித்துப் பெயரிடப்பட்டிருக்கின்றன. கறிவேப்பிலை அழகியோ இரு கரையிலும் ஒரே துணையினம். அதன் பெயரே ரோமுலஸ். கூட்டமாக இடம்பெயரும் வழக்கமுள்ள சிவப்புடல் அழகியும் இரு கரைக்கும் பொது. ஆகவே பன்னெட்டும் ஃபிரையரும் நூறாண்டுக்கு முன் எதிர்க்கரையில் எடுத்த குறிப்புகளோடு நேரடியாக ஒப்பிடத் தகுந்த இடம் மணமேல்குடியிலிருந்து திருமயம் வரையுள்ள இந்த நிலம். அந்தப் பழைய விகிதம் இங்கே இன்று நிற்கிறதா என்று பார்ப்பது, இரு கரையின் பூச்சியும் ஒன்றுதானா என்ற கேள்விக்கும் சேர்ந்தே பதில் தரும்.

வேலை எளிது, கல்லூரி விலங்கியல் மாணவரும் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமும் செய்யலாம். பூச்சியைப் பிடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம். கறிவேப்பிலை அழகி என்று பெயரெழுதி அடுத்த பூச்சிக்குப் போகாமல், ஆணா பெண்ணா, பெண்ணென்றால் மூன்றில் எது என்று எழுத வேண்டும். நம் ஊர்ப் பட்டியல்கள் பெரும்பாலும் இனப்பெயரோடு நின்றுவிடுவதால் வடிவக் கணக்கு வீணாகிப் போகிறது. உடல் நிறம் தெரியும்படி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் போலியா மாதிரியா என்ற ஐயம் தீரும். அதே நடையில் கண்ணில் பட்ட ரோஜா அழகியையும் சிவப்புடல் அழகியையும் எண்ண வேண்டும். வழியில் ஆடுதின்னாப்பாளையோ ஈஸ்வரமூலியோ இருந்தால் அதையும் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுத வேண்டும். படங்களைக் குண்டேயின் குழு நடத்தும் இந்திய வண்ணத்துப்பூச்சித் தளத்திலோ ஐநேச்சுரலிஸ்டிலோ ஏற்றலாம். 1910-ல் தொடங்கிய திருக்கோகர்ணம் அருங்காட்சியகம் போன்ற இடத்தில் ஓர் அச்சுப் பிரதியும் இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்து வருகிறவருக்கும் கிடைக்கும்.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாடு முழுவதும் வண்ணத்துப்பூச்சி மாதம் செப்டம்பரில் கொண்டாடப்படுகிறது. தென்மேற்கு மழை பெறும் ஊர்களுக்கு அது பொருத்தம். புதுக்கோட்டையில் செப்டம்பர் பெருமழைக்கு முந்தைய மாதம். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்து, தரிசில் ஆடுதின்னாப்பாளை தழைத்து, அதில் ஒரு தலைமுறை புழு வளர்ந்து சிறகு விரிக்க வேண்டும். எனவே கார்த்திகையிலும் மார்கழியிலும், வெயில் ஏறத் தொடங்கும் காலைப் பொழுதில், குளமங்கலம் அய்யனார் கோயில் காடு, ஆவுடையார்கோயில் பக்கத்துத் தரிசுகள், புதுக்கோட்டை நகரத்துக் கொல்லைகள் ஆகிய மூன்றிலும் ஒரே வாரத்தில் எண்ணுவது நல்லது. அப்போதுதான் மூன்று இடங்களின் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சைரஸின் பங்கு நகரத்தில் கூடியிருக்கிறதா என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும்.